ஐம்பது நானோமீட்டர் விலகல்

ஒரு பிளாஸ்டிக் தகட்டில் வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றும் 120 நானோமீட்டர் விட்டம், 100 நானோமீட்டர் ஆழம். ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 300 நானோமீட்டர். விரிந்து படுத்த ஒரே ஒரு செல்லின் அடியில் இப்படிப் பல்லாயிரம் குழிகள் அடங்கிவிடும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மேத்யூ டால்பியும் அவரது குழுவினரும் மனித எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மீசன்கைமல் ஸ்டெம் செல்களை இந்தத் தகடுகளின் மேல் வளர்த்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குழிகள் சதுரக் கட்டத்தில் பிசகாமல் நின்ற தகட்டில் செல்கள் எலும்பின் பக்கம் திரும்பவில்லை. அதே அளவுக் குழிகளை, சராசரி இடைவெளியையும் மாற்றாமல், ஒவ்வொன்றையும் அதன் இடத்திலிருந்து 50 நானோமீட்டர் வரை இங்கும் அங்குமாக விலக்கி வைத்த தகட்டில் எலும்புக்குரிய புரதங்களான ஆஸ்டியோபாண்டினும் ஆஸ்டியோகால்சினும் உருவாயின. நான்கு வாரத்தில் கனிமம் படிந்த முடிச்சுகளே தெரிந்தன. ஸ்டெம் செல்லை எலும்புச் செல்லாக மாற்ற ஆய்வகங்களில் வழக்கமாகச் சேர்க்கும் டெக்ஸாமெத்தசோன் அந்த வளர்ப்புக் கரைசலில் இல்லை. மருந்து செய்யும் வேலையைக் குழிகளின் இடமாற்றம் ஏறத்தாழ அதே திறனோடு செய்திருந்தது. ஒழுங்கே இல்லாமல் சிதறிய குழிகளும் சோதிக்கப்பட்டன. அவை அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. தேவைப்பட்டது அளவோடு கூடிய ஒழுங்கின்மை.

எலும்பாக்கச் செல்கள் நானோ அளவிலான மேற்பரப்பு வடிவங்களை உணர்கின்றன என்பதில் இன்று சந்தேகம் இல்லை. எப்படி உணர்கின்றன, எந்த வடிவம் நல்லது, அதனால் நோயாளிக்கு என்ன பயன் என்ற மூன்று கேள்விகளில் முதலாவதற்கு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. இரண்டாவதில் ஆய்வகங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மூன்றாவது, கேட்க வேண்டிய விதத்தில் இன்னும் கேட்கப்படவே இல்லை. இவற்றில் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை ஒழுங்காகப் படித்தாலே இரண்டாவதன் முரண்பாட்டில் பாதி தீரும் என்பது என் கருத்து.

செல்கள் தாங்கள் நிற்கும் பரப்பின் வடிவத்துக்கேற்ப நடந்துகொள்ளும் என்பது நூறாண்டுப் பழைய செய்தி. ராஸ் ஹாரிசன் கருச்செல்களைச் சிலந்தி நூலின்மேல் வளர்த்து, அவை நூலைப் பிடித்துக்கொண்டே நீள்வதைக் கண்டார். அந்த ஆய்வு 1914இல் வெளிவந்தது. எலும்புக்கும் உலோகத்துக்குமான உறவு வேறொரு வழியில் வந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1952இல் பெர்-இங்வார் பிரானமார்க், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தால் ஆன பார்வைக் குழலைப் பதித்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு டைட்டானியத்தோடு இணைந்துவிட்டிருந்தது. 1965இல் முதல் நோயாளிக்குத் தாடையில் டைட்டானியத் திருகு பொருத்தப்பட்டது. இன்று ஊருக்கு ஊர் பல் மருத்துவமனைகளில் போடும் இம்பிளாண்டுகளின் மூலம் அதுதான்.

அந்தக் காலத்துத் திருகுகள் கடைந்தெடுத்தபடி வழவழப்பாக இருந்தன. சொரசொரப்பாக்கினால் எலும்பு இன்னும் நன்றாகப் பிடிக்குமா என்ற கேள்விக்கு டானியல் பூசரின் குழு 1991இல் பன்றிகளில் விடை தேடியது. மணல் வீசித் தாக்கி, பிறகு ஹைட்ரோகுளோரிக், சல்ஃபூரிக் அமிலங்களில் அரித்தெடுத்த டைட்டானியப் பரப்பில் பாதிக்கும் மேல், 50 முதல் 60 சதவீதம் வரை, எலும்பு நேரடியாகத் தொட்டு நின்றது. வழவழப்பான பரப்புகள் அதற்கு வெகுவாகப் பின்தங்கின. பழைய சுவரில் பூச்சு பிடிக்க வேண்டுமானால் கொத்தனார் முதலில் சுவரைக் கொத்திவிடுவார் அல்லவா, அந்த நியாயம்தான் இங்கே என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். மைக்ரோமீட்டர் அளவில் அது பெருமளவு சரி. மேடுபள்ளங்களுக்குள் எலும்பு புகுந்து பூட்டிக்கொள்கிறது. ஆனால் பார்பரா போயன், ஸ்வி ஷ்வார்ட்ஸ் ஆகியோரின் ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. சொரசொரப்பான டைட்டானியத்தில் எலும்பாக்கச் செல்களின் பெருக்கம் குறைகிறது, முதிர்ச்சி கூடுகிறது. பிடிமானம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. பரப்பின் வடிவம் செல்லின் நடத்தையையே மாற்றுகிறது.

மைக்ரோமீட்டரிலிருந்து நானோமீட்டருக்கு இறங்கும்போது கொத்தனாரின் நியாயம் முழுக்கவே உதவாது. முப்பது நானோமீட்டர்க் குழிக்குள் செல் புக முடியாது. எலும்புக் கனிமத்தின் ஒரு படிகமே சில பத்து நானோமீட்டர் நீளம் இருக்கும். இந்த அளவில் பரப்போடு பேசுவது செல்லின் உறையில் பதிந்திருக்கும் இன்டெக்ரின் என்னும் புரதம். அதன் தலை ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலம். செல் ஒரு பரப்பில் நிற்கிறது என்று சொன்னால், அதன் இன்டெக்ரின்கள் கூட்டம் கூட்டமாக எதையோ பற்றிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

எலும்பாக்கச் செல்லுக்கு இந்த அளவுலகம் புதிதல்ல. நம் உடம்பில் எலும்பு ஓயாமல் கரைந்து ஓயாமல் கட்டப்படுகிறது. கரைக்கும் செல்லான ஆஸ்டியோகிளாஸ்ட், அமிலத்தைச் சுரந்து கனிமத்தைக் கரைத்து, நொதிகளால் கொலாஜனை அரித்து, சில பத்து மைக்ரோமீட்டர் அகலப் பள்ளம் ஒன்றை விட்டுச் செல்கிறது. பள்ளத்தின் தரையில் முழுதும் அரிக்கப்படாத கொலாஜன் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இழைகளில் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை வரிவரியாக ஒரு அமைப்பு திரும்பத் திரும்ப வரும். எலும்பாக்கச் செல் வந்து இறங்கிப் புது எலும்பைத் தொடங்குவது இந்தத் தரையில்தான். பெரிய பள்ளம், அதற்குள் நுண்ணிய இழைகள், இழைகளில் அதைவிட நுண்ணிய வரிகள் என்று இயற்கையான களமே பல அடுக்குகள் கொண்டது. போயன், ஷ்வார்ட்ஸ் ஆகியோரோடு ரோலாண்டோ கிட்டென்ஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மைக்ரோ சொரசொரப்பு ஏற்கெனவே உள்ள டைட்டானியத்தின் மேல் நானோ மேடுகளைச் சேர்த்தபோது எலும்பாக்கம் தெளிவாகக் கூடியது. தட்டையான பரப்பில் நானோ மேடுகள் மட்டும் தனியே இருந்தபோது அந்தப் பலன் இல்லை. நானோவையும் மைக்ரோவையும் எதிரெதிரே நிறுத்திப் போட்டி வைக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த முடிவை நினைத்துக்கொள்வது நல்லது.

செல் வெற்று உலோகத்தைத் தொடுவதே இல்லை என்பது அடுத்துக் கவனிக்க வேண்டியது. இம்பிளாண்ட் உடலுக்குள் போன நொடியே நீரும் அயனிகளும், பின்னாலேயே ரத்தப் புரதங்களும் அதன்மேல் படிந்துவிடுகின்றன. செல் வந்து சேரும்போது அது பார்ப்பது இந்தப் புரதப் படலத்தை. அதில் ஃபைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டினும் எவ்வளவு இருக்கின்றன, இன்டெக்ரின் பற்றும் முனையை அவை மேலே காட்டிக்கொண்டிருக்கின்றனவா, உள்ளே மடித்து மறைத்துக்கொண்டிருக்கின்றனவா என்பதெல்லாம் அடியில் இருக்கும் நானோ வடிவத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் ரென்சலேர் நிறுவனத்தில் தாமஸ் வெப்ஸ்டர், ரீனா பிசியோஸ் ஆகியோர் அலுமினா, டைட்டானியா பீங்கான் பொருள்களை 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களால் செய்து பார்த்தார்கள். பெரிய துகள்களால் ஆன அதே பொருளைவிட இதில் எலும்பாக்கச் செல்கள் அதிகமாக ஒட்டின. இணைப்புத் திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்டுகள் அப்படிப் பெருகி ஒட்டவில்லை. விட்ரோநெக்டின் அங்கே அதிகமாகப் படிந்து, கூடுதலாக விரிந்தும் கிடந்ததை அவர்கள் காரணமாகக் காட்டினார்கள்.

எவ்வளவு நெருக்கமாக இருந்தால் செல் அதைப் பிடிமானமாக ஏற்கும்? இதற்கு இத்துறையிலேயே மிகச் சுத்தமான சோதனை ஜெர்மனியில் யோவாகிம் ஸ்பாட்ஸ் குழு செய்தது என்பேன். கண்ணாடியில் 8 நானோமீட்டருக்கும் சிறிய தங்கப் புள்ளிகளைச் சம இடைவெளியில் பதித்து, ஒவ்வொரு புள்ளியிலும் இன்டெக்ரின் பற்றும் சிறு பெப்டைடை ஒட்டினார்கள். புள்ளி அவ்வளவு சிறியது என்பதால் ஒன்றில் ஒரு இன்டெக்ரினுக்குத்தான் இடம். புள்ளிகளுக்கு இடையில் செல் எதுவும் ஒட்ட முடியாத பூச்சு. 2004இல் வெளிவந்த முடிவு இது: இடைவெளி 58 நானோமீட்டர் வரை இருந்தால் எலும்பாக்கச் செல்கள் உட்பட, சோதித்த எல்லாச் செல்களும் நன்றாக ஒட்டி விரிகின்றன, 73 நானோமீட்டரோ அதற்கு மேலோ போனால் தடுமாறுகின்றன. பக்கத்துப் பக்கத்தில் போதிய இன்டெக்ரின்கள் சேராவிட்டால் உள்ளே பிடிப்புக் கட்டமைப்பு உருவாகாது.

அதே தங்கப் புள்ளிகளை ஒழுங்கு கலைத்துப் பதித்தால் என்ன ஆகும் என்று 2009இல் இன்னொரு கட்டுரை சோதித்தது. சராசரி இடைவெளி 70 நானோமீட்டரைத் தாண்டிய பிறகும் செல்கள் ஒட்டின. காரணம் எளிது. ஒழுங்கு கலையும்போது சில புள்ளிகள் தள்ளிப் போகின்றன, சில நெருங்கி வருகின்றன. நெருங்கிய கூட்டங்கள் இன்டெக்ரின்களுக்குப் போதும். கிளாஸ்கோ தகட்டில் குழிகள் விலக்கப்பட்டபோது நடந்ததும் இதன் உறவினம்தான் என்று நினைக்கிறேன். அங்கே குழி என்பது பற்ற முடியாத இடம், குழிகளுக்கு நடுவே உள்ள திட்டுதான் பற்றும் இடம். கட்டம் பிசகாதபோது எல்லாத் திட்டுகளும் ஒரே குறுகலான அளவு. பிசகியபோது ஆங்காங்கே விரிந்த திட்டுகள் கிடைத்து, அங்கே பெரிய பிடிப்புகள் வளர முடிந்தது.

பிடிப்பு பெரிதானால் எலும்பு ஏன் வர வேண்டும்? இன்டெக்ரின் கூட்டத்தின் உட்பக்கத்தில் டாலின், வின்குலின் முதலான புரதங்கள் வந்து சேர்ந்து, செல்லின் ஆக்டின் இழைகளை அந்த இடத்தில் கட்டிப்போடுகின்றன. இழைகள் மயோசினால் இழுபட, செல் முழுவதும் ஒரு இழுவிசை உருவாகிறது. எலும்புப் பக்கம் போகும் செல்களில் இந்தப் பிடிப்புகள் 5 மைக்ரோமீட்டரையும் தாண்டி நீள்வது பதிவாகியிருக்கிறது. ரோ என்னும் சிறு புரதமும் அதன் கீழ் வேலை செய்யும் நொதியும் இந்த இழுவிசையைக் கூட்டிக் குறைக்கின்றன. ஆக்டின் இழைகள் உட்கருவின் உறைவரை போய்ச் சேர்வதால் இழுவிசை அங்கேயும் உணரப்படுகிறது. யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைகிறது. ரன்எக்ஸ்2 என்ற, எலும்பாக்கத்தின் தலைமை மரபணு முடுக்கி செயலில் இறங்குகிறது. இதன் பிறகு ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், முதல் வகைக் கொலாஜன், ஆஸ்டியோகால்சின் என்று வரிசையாக வரும். இழுவிசை தளர்வாகவே இருந்தால் இதே ஸ்டெம் செல் கொழுப்புச் செல்லாகும் பக்கம் சாயும்.

இந்தச் சங்கிலிக்கு வேறொரு திசையிலிருந்தும் சான்று உண்டு. ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் ஆகியோர் 2006இல் பரப்பின் வடிவத்தைத் தொடாமல் அடித்தளத்தின் விறைப்பை மட்டும் மாற்றி, விறைப்பான ஜெல்லில் ஸ்டெம் செல்கள் எலும்புப் பக்கம் போவதைக் காட்டினார்கள். டால்பியின் குழு பின்னாளில் செல்களை விநாடிக்கு 1000 முறை வெறும் 30 நானோமீட்டர் தூரம் அதிரவைத்து எலும்பாக்கத்தைத் தூண்டியது. வடிவம், விறைப்பு, அதிர்வு மூன்றும் ஒரே வாசல் வழியாக உள்ளே போகின்றன. அந்த வாசலைத் தெரிந்துகொண்டதுதான் இத்துறையின் இருபதாண்டுச் சாதனை.

இனி முரண்பாட்டுக்கு வரலாம். ஃப்ளோரைடு கரைந்த கரைசலில் டைட்டானியத்தை நேர்மின்முனையாக வைத்து மின்னோட்டம் பாய்ச்சினால், அதன் பரப்பில் டைட்டானியம் டை ஆக்ஸைடுக் குழல்கள் தேன்கூடு நெருக்கத்தில் நின்று வளரும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் குழல் அகலும். மலிவானது, வளைந்த திருகின்மீதும் செய்யக்கூடியது, அளவைக் கட்டுப்படுத்தலாம். எர்லாங்கன் நகரில் பாட்ரிக் ஷ்முக்கி, கிளாஸ் ஃபான் டெர் மார்க் ஆகியோரின் குழு 2007இல், 15 நானோமீட்டர் விட்டமுள்ள குழலில்தான் ஸ்டெம் செல்கள் நன்றாக ஒட்டி எலும்புப் பக்கம் போகின்றன, 50ஐத் தாண்டினால் பலன் குறைகிறது, 100இல் செல்கள் தாமாகவே மடிகின்றன என்றது. இரண்டு ஆண்டுகளில் சான் டியாகோவிலிருந்து சுங்கோ ஜின் குழு நேர் எதிராகச் சொன்னது. 30 நானோமீட்டர்க் குழலில் செல்கள் ஒட்டுகின்றன, ஆனால் மாறுவதில்லை. 70 முதல் 100 வரை உள்ள குழலில்தான் பத்து மடங்கு நீண்டு எலும்பாக்கச் செல்லாகின்றன. இரு தரப்பும் பொதுவெளியிலேயே மோதிக்கொண்டன.

பலரும் இதை, சரியான எண் 15ஆ 100ஆ என்ற வழக்காகப் பார்த்தார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எர்லாங்கனில் எலி இனத்தின் செல்கள், சான் டியாகோவில் மனிதச் செல்கள். எர்லாங்கனின் குழல்கள் படிகமாகாதவை. சான் டியாகோவில் 500 டிகிரியில் சூடாக்கிப் படிகமாக்கினார்கள். சூடாக்கினால் படிகம் மட்டுமா மாறும்? கரைசலிலிருந்து ஒட்டிய ஃப்ளோரைடின் மிச்சமும் மாறும், நீர் பரவும் தன்மையும் மாறும். இரு தரப்பின் விளக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இன்டெக்ரின் தலை 15 நானோமீட்டர் வாயில் கச்சிதமாக அமர்கிறது என்கிறது எர்லாங்கன். சிறு குழலின் வாயில் புரதத் திரள்கள் நெருக்கமாகப் படிவதால் செல் எளிதாக ஒட்டுகிறது, பெரிய குழலில் புரதம் விளிம்பில் மட்டும் அரிதாகப் படிவதால் செல் அதைத் தேடி நீள்கிறது, அந்த நீட்சியே இழுவிசையாகிறது என்கிறது சான் டியாகோ. இரண்டு பேரும் பேசுவது இன்டெக்ரினுக்குக் கிடைக்கும் இருக்கைகளைப் பற்றி. புரதப் படலம் மாறினால் இருக்கைக் கணக்கு மாறும், சிறந்த குழல் அளவும் மாறும். குழலின் விட்டத்தை மட்டும் அளந்து புரதத்தை அளக்காமல் விட்ட கட்டுரைகள் குவிந்து கிடப்பது வருத்தம் தருகிறது. எத்தனையோ பேரின் உழைப்பு அதில் இருக்கிறது. ஒன்றோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்க வழியில்லை.

சொரசொரப்பின் சராசரி என்று ஒரே எண்ணைக் கொடுத்து நிறுத்திக்கொள்வது இன்னொரு பழக்கம். பிசகாத கட்டத்துக்கும் பிசகிய கட்டத்துக்கும் குழியின் ஆழமும் அகலமும் ஒன்று, ஒரு குறிப்பிட்ட பரப்பில் உள்ள எண்ணிக்கையும் ஒன்று. ஆகவே இரண்டுக்கும் சொரசொரப்பின் சராசரியும் ஒன்றாகவே வரும். செல் இரண்டையும் வேறாக வாசித்தது. கிளாஸ்கோ ஆய்வுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கும் காரணம் இதுதான்: எல்லாத் தகடுகளும் ஒரே பிளாஸ்டிக், ஒரே அச்சு முறை; மாறியது இடம் மட்டுமே. உலோகத்தில் அமிலத்தாலோ மின்னாலோ வடிவத்தை மாற்றும்போது வேதியியலும் கூடவே மாறிவிடுகிறது. டைட்டானியம் சும்மா அலமாரியில் இருந்தாலே காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் படிந்து அதன் ஒட்டும் திறன் குறைவதைத் தகாஹிரோ ஒகாவா காட்டியிருக்கிறார். உப்புநீரில் வைத்துப் பாதுகாத்தால் வேறொன்று நடக்கிறது: அமிலத்தில் அரித்த சில பரப்புகளில் யாரும் செய்யாமலே நானோ மேடுகள் முளைக்கின்றன என்று ஆன் வென்னர்பெரி குழு 2013இல் எழுதியது. மைக்ரோ பரப்பு என்ற பெயரில் விற்பனையான சில இம்பிளாண்டுகளில் நானோ வடிவமும் இருந்திருக்கிறது.

பிசகாத சதுரக் கட்டம் வீண் என்றும் நினைத்துவிட வேண்டாம். ரெபெக்கா மக்மரேயும் டால்பியும் 2011இல், அந்தக் கட்டத்தின்மேல் ஸ்டெம் செல்கள் எட்டு வாரம் வரை எதுவாகவும் மாறாமல் தம் இயல்போடு பெருகுவதைக் காட்டினார்கள். சிகிச்சைக்காக ஸ்டெம் செல்களைப் பெருக்குவோருக்கு அவை தட்டிலேயே மாறிப்போவது பெரிய தொல்லை. அவர்களுக்கு இது பெரிய செய்தி.

தட்டிலிருந்து உடலுக்குப் போனால் காட்சி மாறுகிறது. அங்கே எலும்பாக்கச் செல் முதலில் வருவதில்லை. ரத்தம் உறைந்து ஃபைப்ரின் வலை பின்னும், நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் வந்து பரப்பை ஆராயும், அழற்சியைக் கூட்டவோ அடக்கவோ சமிக்ஞை விடும். நாள்கள் கழித்தே எலும்பாக்கும் செல்கள் ஃபைப்ரின் வலையைப் பற்றிக்கொண்டு உலோகத்தை நோக்கி நகரும். அந்த வலை பரப்பிலிருந்து கழன்றுவிட்டால் அவை உலோகம்வரை வந்து சேரவே மாட்டா என்று டொராண்டோவின் ஜான் டேவிஸ் வலியுறுத்தி வந்தார். ஆகவே நானோ வடிவத்தின் முதல் வேலை எலும்பாக்கச் செல்லோடு பேசுவதாக இல்லாமல், உறைந்த ரத்தத்தை இறுகப் பிடித்துக்கொள்வதாகவும் மேக்ரோஃபேஜை அமைதிப்படுத்துவதாகவும் இருக்கலாம். ஸ்டெம் செல்லை மட்டும் தனியே தட்டில் போட்டுச் செய்த சோதனையில் இது தெரியவராது.

செய்முறைச் சிக்கல்களும் உண்டு. எலெக்ட்ரான் கற்றையால் குழிகளை வரையும் முறை துல்லியமானது, மெதுவானது. தட்டையான சிறு பரப்புக்கே சரிவரும். திருகின் மரையில் 50 நானோமீட்டர் விலகலை வரைந்து தர இன்னும் எளிய வழி இல்லை. மின்னால் வளர்த்த குழல்களைத் திருகின்மேல் வைத்தாலும், எலும்பில் முறுக்கி இறக்கும்போது உரசலில் அவை உரிந்து போகும் ஆபத்து இருக்கிறது. கிருமிகளின் கதை தனி. சிள்வண்டின் சிறகில் உள்ள நானோ ஊசிகள் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் உறையைக் கிழிப்பதாக எலெனா இவனோவா குழு 2012இல் சொன்ன பிறகு டைட்டானியத்திலும் அதுபோன்ற முட்கள் வளர்க்கப்படுகின்றன. கிருமி முந்தினால் செல்லுக்கு இடமில்லை என்பதால் இந்த வேலை முக்கியமானது.

நோயாளிக்கு என்ன கிடைக்கிறது? மணல் வீசி அமிலத்தில் அரித்த பல் இம்பிளாண்டுகளைப் பூசர் குழு பத்தாண்டு கழித்துப் பார்த்தது. 303 பேரிடம் 511 இம்பிளாண்டுகள், அவற்றில் 98.8 சதவீதம் நிலைத்திருந்தன. இதற்கு மேல் நானோ வடிவம் எதைச் சாதிக்கும்? தோல்வி விகிதம் 1.2இலிருந்து பாதியாகக் குறைகிறது என்றே வைத்துக்கொண்டு, வழக்கமான புள்ளியியல் திறனோடு அதை நிரூபிக்கக் கணக்கிட்டால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறக்குறைய 4000 இம்பிளாண்டுகள் வேண்டியிருக்கும். ஆரோக்கியமான ஐம்பது பேரை எடுத்து நானோ இம்பிளாண்டும் சாதாரண இம்பிளாண்டும் ஒன்றுதான் என்று முடிக்கும் ஆய்வு எதையும் சொல்லவில்லை. வேறுபாடு இருந்தாலும் அதன் கண்ணில் படாது.

தேட வேண்டிய இடம் வேறு. திருகு இறக்கிய அன்று கிடைக்கும் பிடிமானம், பழைய எலும்பு கரையக் கரையக் குறைந்துகொண்டே வரும். புது எலும்பு தரும் பிடிமானம் மெல்ல ஏறும். இரண்டும் சந்திக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் இம்பிளாண்ட் மிகவும் பலவீனமாக இருக்கும். விலங்குச் சோதனைகளில் நானோ வடிவங்கள் முன்னணி காட்டுவதும் பெரும்பாலும் இந்தத் தொடக்க வாரங்களில். நீரிழிவால் எலும்பு மெதுவாக ஆறுகிறவர், எலும்புத் தேய்மானமுள்ள மூதாட்டி, தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர் ஆகியோருக்கு அந்தப் பலவீனம் ஆழமாகவும் நீண்டதாகவும் இருக்கும். சோதனைகளை இவர்களிடம் நடத்த வேண்டும். அதே வேதியியல், அதே மைக்ரோ சொரசொரப்பு, நானோ வடிவம் மட்டும் வேறு என்று இரண்டு வகை இம்பிளாண்டுகளைச் செய்து, ஒரே நபரின் தாடையில் இரு பக்கமும் பொருத்தி, இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை அதிர்வெண் கருவியால் வாரந்தோறும் உறுதியை அளந்தால் சில டஜன் நோயாளிகளிடமே விடை தெரியத் தொடங்கும். அதற்கு வேண்டிய கருவிகளும் பரப்புகளும் ஏற்கெனவே இருக்கின்றன.